எலக்ட்ரான் மோதலை கோடில் எழுதுவது: போலி மோதல் முறை

பிளாஸ்மா (அயனியாக்கப்பட்ட வாயு) சிமுலேஷனில் லட்சக்கணக்கான எலக்ட்ரான்கள் வாயு அணுக்களுக்கு நடுவே ஓடும். ஒவ்வொரு காலப்படியிலும், அதாவது நேரத்தை நகர்த்தும் ஒவ்வொரு சின்னத் துண்டிலும், அத்தனைக்கும் மோதல் அட்டவணையைப் புரட்டி, அணுவோடு மோதியதா இல்லையா என்று பார்ப்பது வீண் வேலை, பெரும்பாலானவை மோதியிருக்காது. போலி மோதல் முறையில், முதலில் சிலவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு அவற்றையே சோதிக்கிறோம். ஆர்கான் வாயுவை வைத்துச் சொல்கிறேன்.

மோதல் குறுக்குவெட்டு என்பது மோதலுக்கு அணு காட்டும் இலக்கின் பரப்பு; எலக்ட்ரானின் ஆற்றலைப் பொறுத்து மாறும். அதன் அட்டவணை எல்எக்ஸ்கேட் (LXCat) என்ற இணையத் தரவுத்தளத்தில் கிடைக்கும். 0.2–0.3 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஆர்கானின் குறுக்குவெட்டு படுபள்ளமாக இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அங்கே அட்டவணைப் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். மீள் மோதல் (எலக்ட்ரான் தெறித்துத் திரும்புவது), கிளர்ச்சி (அணு உயர் ஆற்றல் நிலைக்குப் போவது), அயனியாக்கம் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரான் பிடுங்கப்படுவது) மூன்றின் குறுக்குவெட்டையும் கூட்டி, எலக்ட்ரானின் வேகத்தாலும் வாயு அடர்த்தியாலும் பெருக்கினால் மோதல் அதிர்வெண் வரும். உச்சத்தைப் பெருக்கிய பிறகுதான் தேட வேண்டும். குறுக்குவெட்டின் உச்சமும் அதிர்வெண்ணின் உச்சமும் ஒரே ஆற்றலில் வராது.

உச்ச அதிர்வெண்ணைக் காலப்படியால் பெருக்கினால் 0.1-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒரே படியில் இருமுறை மோத வேண்டியவை கணக்கில் விடுபடும். சரியாக 0.1 என்றால், மோதும் வாய்ப்பு 1 − e^(−0.1) = 0.09516; 1,000 எலக்ட்ரானுக்கு 95.16 பொறுக்க வேண்டும். அந்த 0.16-ஐ வெட்டி எறியாதீர்கள்: 0-க்கும் 1-க்கும் இடையே எடுத்த ரேண்டம் எண் 0.16-க்குக் கீழே வந்தால் 96, இல்லையென்றால் 95. சிமுலேஷன் வெளியைப் பிரித்த கட்டங்களில் துகள் குறைவானவற்றில் இதுதான் மோதல் எண்ணிக்கையைக் காப்பாற்றும்.

பொறுக்கிய ஒவ்வொன்றுக்கும் இன்னொரு ரேண்டம் எண் எடுத்து, உச்ச அதிர்வெண்ணால் பெருக்குங்கள். மூன்று வகை அதிர்வெண்களையும் வரிசையாக அடுக்கினால் அது எந்த வகைக்குள் விழுகிறதோ, அந்த மோதல் நடந்தது. மூன்றையும் தாண்டினால் போலி மோதல். எலக்ட்ரானைத் தொடவே கூடாது.

20 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீள் மோதலில் திசை மாறும், ஆற்றல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆர்கான் அணு சுமார் 73,000 மடங்கு கனம். கிளர்ச்சி என்றால் 11.55 எலக்ட்ரான் வோல்ட் போய் 8.45 மிஞ்சும். அயனியாக்கத்தில் 15.76 போக மிஞ்சும் 4.24-ஐ, புதிதாகப் பிறக்கும் எலக்ட்ரானும் பழையதும் பங்கிட்டுக்கொள்ளும். ஆற்றலைக் கழித்துவிட்டு, அப்புறம் திசையைத் திருப்புங்கள்.

மின், காந்தப் புலங்களோடு ஓட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். புலத்தை நிறுத்தி, எல்லா எலக்ட்ரானுக்கும் ஒரே ஆற்றல் கொடுத்து விடுங்கள். சராசரி மோதல் நேரம் கழிந்ததும் சுமார் 37 சதவீதம் மோதாமல் இருக்க வேண்டும். காலப்படியைப் பாதியாக்கினாலும் அந்த 37 நகரக் கூடாது. நகர்ந்தால், முதலில் 0.16 போன்ற அந்தப் பின்னத்தைக் கையாளும் கோடு வரியைப் பாருங்கள்.