மஞ்சள் தடவிப் பார்த்து வாங்கிய மைக்கா

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு 1999-இல் கட்டியது. சமையல் மேடைக்குக் கீழே அந்தக் காலத்து வழக்கப்படி கடப்பா கல் தட்டுகள். பத்து வருடம் முன்பு அதற்குக் கதவு மட்டும் போட்டோம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையின் மேல் பி.வி.சி. தாளைச் சூடாக்கி அழுத்தி ஒட்டுவார்களே, மெம்பரேன், அதுதான். விளிம்பே தெரியாமல் வழவழவென்று இருந்தது. மூன்றாவது வருடம் அடுப்பை ஒட்டிய கதவில் தாள் சுருங்கி ஓரம் கிளம்பிவிட்டது. சிங்க் அடியில் இருந்த கதவு தண்ணீர் குடித்து உப்பிப்போனது. அந்த இரண்டை மட்டும் மாற்றலாம் என்றால் அதே நிறம் எங்கும் கிடைக்கவில்லை. நல்ல கதவுகளையும் சேர்த்துக் கழற்ற வேண்டியதாயிற்று. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதனால் போன வருடம் மறுபடி செய்தபோது கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் எங்கள் சமையலறையைக் கவனித்தோம், நானும் மாமியாரும். தாளிக்கும்போது அடுப்புக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் தெறிக்கிறது. மேல் அலமாரியின் அடிப்பக்கம் பிசுக்கு. சிங்க் பக்கத்தில் போர் தண்ணீர் வழிந்து காய்ந்து வெள்ளைத் திட்டு. மசாலா டப்பா இருக்கும் கதவைக் கைப்பிடியில் தொடுவதே இல்லை. அவசரத்தில் ஓரத்தைப் பிடித்துத்தான் இழுக்கிறோம். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். எந்த இடத்துக்கு எது தாங்கும் என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் கடையில், கதவின் மேல் ஒட்டும் மைக்கா (லேமினேட் ஷீட்), அக்ரிலிக் (பளபளப்பான பிளாஸ்டிக் ஷீட்) இவற்றின் மாதிரித் துண்டுகள் கேளுங்கள், கொடுப்பார்கள். நான் ஆறு துண்டு கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி ஒரு ராத்திரி விட்டேன். இன்னொரு ஓரத்தில் போர் தண்ணீரைத் தெளித்துத் துடைக்காமல் காயவிட்டேன். எண்ணெய்க் கையால் அழுத்தியும் பார்த்தேன். காலையில் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தபோது வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. மரவரி போலச் சொரசொரப்பாக இருந்த வெள்ளை மைக்காவில் மஞ்சள் வரிக்குள் தங்கிவிட்டது. கரும்பச்சை அக்ரிலிக்கில் மஞ்சள் சுத்தமாகப் போனது, ஆனால் தண்ணீர்ப் புள்ளியும் கைரேகையும் பளிச்சென்று தெரிந்தன. கருநீல மேட் (பளபளப்பில்லாத) துண்டில் எண்ணெய்க் கை பட்ட இடம் தனியாகத் தெரிந்தது. வழவழப்பான மேட், சாம்பல் கலந்த சந்தன நிறம், அது மட்டும் எல்லாவற்றையும் தாங்கியது. உப்புத் தண்ணீர் வீடுகளில் கீழ்க் கதவுக்கு அடர்நிறம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மாதிரியை உங்கள் வீட்டு விளக்கில் பார்ப்பதும் முக்கியம். கடையின் மஞ்சள் வெளிச்சத்தில் இதமாக இருந்த பழுப்பு எங்கள் டியூப் லைட்டில் மண் நிறமாகிவிட்டது. பளபளப்புத் துண்டைச் சாயங்காலம் மேடைக்குக் கீழே சாய்த்து வைத்தபோது, கண்புரை ஆபரேஷன் ஆன மாமியார், "லைட் அடிச்சு கண்ணு கூசுதும்மா" என்றார். அதோடு கீழே மேட் என்று முடிவானது. மேல் கதவுகளுக்கு மட்டும் பளபளப்பான தந்த நிறம். அங்கே கை அதிகம் படாது, பிசுக்கும் சட்டென்று துடைபடும், சின்ன சமையலறைக்கு வெளிச்சமும் கிடைக்கும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்டில் எந்த நிறமும் வாங்கலாம், ஆனால் குக்கர் இடித்தால் முனை பெயரும், அந்த இடத்தை மட்டும் நிறம் பொருந்தச் சரிசெய்வது கஷ்டம். வெனீர் அசல் மரத்தை மெல்லிய தாளாகச் சீவி ஒட்டுவது என்பதால் அழகு. சாப்பாட்டு அறை அலமாரிக்கு வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். பி.வி.சி. கதவைக் கரையான் தொடாது, தண்ணீரும் ஒன்றும் செய்யாது, ஆனால் அடுப்புச் சூட்டில் வளையும்.

மேலே எது ஒட்டினாலும் அடியில் பலகை சரியாக இருக்க வேண்டும். பிளைவுட்டில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 என்றும் ஐ.எஸ். 710 என்றும் முத்திரை இருக்கும். 710 என்பது தண்ணீரை அதிகம் தாங்கும் மரைன் ரகம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சிங்க் பக்கத்துக்காவது அதைப் போடுங்கள். வெளியே 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் உள்பக்கமும் மெல்லிய மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு நாளடைவில் வளைந்துவிடும். உள்ளே வெள்ளை நிறமாக இருந்தால் கரப்பான் வந்தாலும் உடனே தெரியும்.

கதவு கெடுவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். எட்ஜ் பேண்ட், அதாவது பலகையின் ஓரத்தில் ஒட்டும் பட்டை, நான்கு பக்கமும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் ஆசாரி நல்ல வேலைக்காரர், ஆனாலும் கீழ் ஓரத்தை விட்டிருந்தார். "அது யார் கண்ணுக்கும் தெரியாதுக்கா" என்றார். "தண்ணி வழிஞ்சு அங்கேதானே தம்பி நிக்குது" என்றேன். கழற்றி ஒட்டிக் கொடுத்தார்.

மைக்காவை எல்லாக் கதவுக்கும் ஒரே நேரத்தில், ஒரே லாட்டில் வாங்குங்கள். அதே நிற எண்ணாக இருந்தாலும் அடுத்த லாட்டில் நிறம் லேசாக மாறலாம். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை கிரானைட் அறுப்பதும் பெயின்ட் வேலையும் முடிந்தபிறகு உரியுங்கள். மாதக்கணக்கில் விட்டால் பசை படிந்துவிடும். துடைக்க மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். பச்சை நாரும் தின்னரும் மேட்டையும் கெடுக்கும், பளபளப்பையும் கெடுக்கும்.

இந்த முறை கணக்குக்கு மேல் எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று கூடுதலாக வாங்கினேன். அதன் பின்பக்கம் நிற எண்ணையும் வாங்கிய மாதத்தையும் எழுதிப் பரணில் படுக்கப் போட்டிருக்கிறேன்.