வீட்டுக்கு ஏற்ற ட்ரெட்மில்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ட்ரெட்மில் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுபவை மோட்டாரின் குதிரைத்திறனும் திரையின் அளவும்தான். ஆனால் அந்த இயந்திரத்தின் மீது யார் ஏறப் போகிறார்கள், எந்த வேகத்தில் நடப்பார்கள் அல்லது ஓடுவார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுத்துவார்கள் என்பது முடிவாகாதவரை விளம்பரத்தில் உள்ள எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. ஆகவே தேர்வு வேலையை வீட்டிலேயே, ஒரு தாளும் அளவு நாடாவும் கொண்டு தொடங்கிவிட்டுக் கடைக்குக் கடைசியில் செல்வதே முறை.

படி 1: பயன்படுத்துபவர்களின் விவரத்தை எழுதுங்கள்

வீட்டில் ட்ரெட்மில்லைப் பயன்படுத்தக்கூடிய ஒவ்வொருவரின் உயரம், எடை, பயிற்சி வகை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர் வரை நடை என்றும், 7 முதல் 9 வரை மெதுவோட்டம் என்றும், அதற்கு மேல் ஓட்டம் என்றும் தோராயமாகப் பிரித்துக்கொள்ளலாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஒரு வீட்டில் இருவர் இந்த அளவை ட்ரெட்மில்லிலேயே நிறைவேற்றினால், அது வாரத்துக்கு 5 முதல் 10 மணி நேரம் ஓடும். எப்போதாவது அரை மணி நேரம் நடப்பதற்கென்று செய்யப்பட்ட மலிவான இயந்திரம் இந்தச் சுமையை நெடுநாள் தாங்காது.

பட்டியலில் அதிக எடை உள்ளவரை அளவுகோலாகக் கொள்ளுங்கள். இயந்திரத்தின் எடை வரம்பு அவருடைய எடையைவிடக் குறைந்தது 20 கிலோவாவது கூடுதலாக இருப்பது நல்லது. வரம்பின் விளிம்பிலேயே தொடர்ந்து இயங்கும் ட்ரெட்மில்லில் மோட்டார் சூடாவதும் சட்டம் ஆடத் தொடங்குவதும் விரைவாக நிகழும். இதய நோய், மூட்டுத் தேய்மானம், சமநிலைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்கள் இயந்திரத்தைத் தேடுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும், ஏனெனில் அவர் சைக்கிளைப் பரிந்துரைத்தால் இந்தத் தேடலே தேவைப்படாது.

மேசைக்கு அடியில் வைத்து நடக்கும் 'வாக்கிங் பேட்' வகையில் பெரும்பாலும் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரோடு நின்றுவிடும், பலவற்றில் கைப்பிடியும் இருக்காது. வேலை செய்துகொண்டே மெதுவாக நடப்பதற்கு அது போதும், முதியவர்களுக்கு ஏற்றதல்ல. மோட்டார் இல்லாமல் காலால் தள்ளி இயக்கும் தட்டையான மலிவு வகையைத் தொடக்கநிலையாளர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பெல்ட்டை நகர்த்துவதற்காகக் கைப்பிடியைப் பற்றித் தள்ள வேண்டியிருப்பதால் இயல்பான நடை அதில் அமைவதில்லை.

படி 2: இடத்தை அளந்து பாருங்கள்

இயந்திரத்தின் நீள அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. ட்ரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டரும், இரு பக்கங்களிலும் அரை மீட்டரும் காலியாக இருக்க வேண்டும். பலர் இடத்தை மிச்சப்படுத்த எண்ணி இயந்திரத்தின் பின்பகுதியைச் சுவரை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அந்த நிலையில் கால் தவறி விழுபவர் பின்னால் இழுக்கப்பட்டு, சுவருக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டுக்கும் இடையே சிக்கிக்கொள்வார். மடக்கக்கூடிய வகை, பயன்படுத்தாத நேரத்தில்தான் இடத்தை மீட்டுத் தரும். பயிற்சியின்போது அதற்கும் இதே காலியிடம் வேண்டும்.

அடுத்து கூரையின் உயரம். உதாரணமாக 175 செ.மீ. உயரமுள்ள ஒருவர் தரையிலிருந்து 20 செ.மீ. உயரமுள்ள தளத்தில் ஏறி நிற்கிறார் என்று கொள்வோம். 140 செ.மீ. நீளமுள்ள பெல்ட்டை 15 சதவீதச் சாய்வுக்கு உயர்த்தினால் அதன் முன்முனை சுமார் 21 செ.மீ. மேலெழும், நடுவில் நிற்பவர் அதில் பாதி உயர்வார். ஓடும்போது உடல் மேலெழுவதற்கு இன்னொரு 10 செ.மீ. சேர்த்தால் மொத்தம் 215 செ.மீ. ஆகிறது. மின்விசிறியோ விளக்கோ தாழத் தொங்கும் அறையில் இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கக் கூடாது.

நிலவாயில், படிக்கட்டின் திருப்பம் ஆகியவற்றின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பைப் பொறுத்தவரை, எர்த் இணைப்புள்ள, வேறு கருவி எதுவும் செருகப்படாத தனி பிளக் பாயிண்ட் வேண்டும்; எக்ஸ்டென்ஷன் கம்பி கூடாது.

படி 3: மோட்டாரின் உண்மையான திறனைக் கண்டுபிடியுங்கள்

ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இது. ட்ரெட்மில் மோட்டாரின் திறனை இரண்டு வகையாகக் குறிப்பிடுகிறார்கள். எச்.பி. என்பது குதிரைத்திறனின் சுருக்கம். 'பீக் எச்.பி.' என்பது மோட்டார் ஓரிரு கணங்களுக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சத் திறன், 'கன்டினியூவஸ் எச்.பி.' அல்லது 'சி.எச்.பி.' என்பது அது இடைவிடாமல் தரக்கூடிய திறன். உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது எண் மட்டுமே.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். '6 எச்.பி.' என்று எழுதப்பட்ட இயந்திரம் அந்தத் திறனைத் தொடர்ந்து தருவதாக இருந்தால், இழப்புகளைக் கணக்கிடாமலேயே 4,476 வாட் மின்சாரம் அதற்கு வேண்டும். ஆனால் 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் பாயிண்டிலிருந்து அதிகபட்சமாகக் கிடைப்பதே 3,680 வாட்தான். ஆகவே அந்த எண் உச்சத் திறனாகத்தான் இருக்க முடியும் என்பதை விற்பனையாளரிடம் கேட்காமலேயே நீங்கள் கணக்கிட்டுவிடலாம். தொடர் திறனைக் குறிப்பிட மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து விலகிவிடுவதே நல்லது.

தொடர் திறனில் நடைக்கு 1.5 முதல் 2 எச்.பி., மெதுவோட்டத்துக்கு 2.5, முறையான ஓட்டத்துக்கு 3 என்ற அளவுகள் போதுமானவை. பயன்படுத்துபவரின் எடை 90 கிலோவைத் தாண்டினால் அரை எச்.பி. கூட்டிக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவருக்குச் சிறிய மோட்டாரே போதும் என்று பரவலாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான்: குறைந்த வேகத்தில் மோட்டாரும் அதனுடன் இணைந்த குளிர்விப்பு விசிறியும் மெதுவாகச் சுழல, ஒவ்வொரு காலடியின் எடையும் பெல்ட்டில் நீண்ட நேரம் அழுந்துவதால், எடை கூடியவரின் மெதுநடை மோட்டாருக்குக் கடினமான வேலையே. டி.சி. (நேர்மின்னோட்ட) மோட்டாரா ஏ.சி. (மாறுமின்னோட்ட) மோட்டாரா என்ற கேள்வியில் வீட்டுக்காரர் நேரம் செலவிடத் தேவையில்லை. சத்தம் குறைந்த டி.சி. வகையே வீடுகளுக்குப் பொதுவானது, ஏ.சி. வகை உடற்பயிற்சிக் கூடங்களில் நாள் முழுவதும் ஓடுவதற்கானது.

படி 4: பெல்ட்டையும் அதன் அடியில் உள்ளதையும் பாருங்கள்

நடைக்கு 40 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் கொண்ட பெல்ட் போதும். ஓடும்போது காலடித் தூரம் நீள்வதால் 140 செ.மீ. நீளமும், 180 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளவர்களுக்கு 150 செ.மீ. நீளமும் தேவைப்படும், அகலம் 45 முதல் 50 செ.மீ. இருந்தால் கால் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்க்காமல் ஓடலாம். பெல்ட்டின் நீளம் குறைவாக இருந்தால் ஓடுபவர் தம்மை அறியாமலே காலடித் தூரத்தைச் சுருக்கிக்கொள்வார்.

பெல்ட்டைச் சுழற்றும் உருளைகள் பருமனாக இருந்தால் பெல்ட் கூர்மையாக வளைய வேண்டியிருக்காது, தேய்மானமும் குறையும். நடைபலகைக்கு அடியில் உள்ள ரப்பர் மெத்தைகள் காலடியின் அதிர்ச்சியை ஓரளவு தாங்கும். ஆனால் பஞ்சு போல் அமுங்கும் தளம் மூட்டுக்கு நல்லது என்று எண்ண வேண்டாம், அதில் கணுக்கால் நிலைகொள்ளாது.

படி 5: உச்ச வேகத்தைவிடச் சாய்வுக்கு முன்னுரிமை கொடுங்கள்

நடைப்பயிற்சிக்காக வாங்குபவர்கள் உச்ச வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் சாய்வு வசதிக்குக் கொடுப்பது அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நடைச் சூத்திரப்படி, சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவரின் உடல், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 11.8 மி.லி. ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. அதே வேகத்தில் சாய்வை 5 சதவீதமாக்கினால் அது சுமார் 19.3 மி.லி. ஆகிறது. அதாவது, ஓட்டத்தால் மூட்டுகளில் விழும் அதிர்ச்சி இல்லாமலேயே உழைப்பு 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. இதய நோயைக் கண்டறியப் பயன்படும் புரூஸ் முறை ட்ரெட்மில் சோதனையும் மணிக்கு 2.7 கிலோமீட்டர் என்ற மிக மெதுவான வேகத்தில், ஆனால் 10 சதவீதச் சாய்வில்தான் தொடங்குகிறது.

ஓட்டக்காரர்களுக்கும் சாய்வு பயன்படும். திறந்தவெளியில் எதிர்கொள்ளும் காற்றுத் தடை அறைக்குள் இல்லாததால், அதை ஈடுசெய்ய 1 சதவீதச் சாய்வு பொருத்தமானது என்று ஜோன்ஸ், டவுஸ்ட் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கீழே குனிந்து கையால் மாற்றும் சாய்வைவிட, நடந்துகொண்டே பொத்தானால் மாற்றும் சாய்வையே தேர்ந்தெடுங்கள். முன்னதைப் பெரும்பாலோர் ஒருமுறை அமைத்துவிட்டுப் பிறகு தொடுவதே இல்லை.

படி 6: பாதுகாப்பு வசதிகளில் சமரசம் வேண்டாம்

உடையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவி கட்டாயம் இருக்க வேண்டும். நீங்கள் பின்னால் சரிந்தால் அது கழன்று மோட்டாரை நிறுத்திவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில், பயிற்சி முடிந்ததும் அந்தச் சாவியை அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவில், ஒரு குழந்தை உயிரிழந்ததைத் தொடர்ந்து சுமார் 1,25,000 ட்ரெட்மில்கள் திரும்பப் பெறப்பட்டன; குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் இயந்திரத்தின் பின்புறத்தில் அடியே இழுக்கப்பட்டதே காரணம்.

படி 7: திரை

வேகம், நேரம், தூரம், சாய்வு ஆகியவை தெளிவாகத் தெரிந்தால் போதும். கலோரி எண் ஒரு மதிப்பீடே. கைப்பிடியில் சாய்ந்தபடி நடந்தால் அது உண்மையைவிட அதிகமாகவே காட்டும். கைப்பிடியில் உள்ள இதயத் துடிப்பு உணரியும் அசைவில் தடுமாறும், துல்லியம் வேண்டுவோர் மார்புப் பட்டையைத்தான் நாட வேண்டும். பெரிய தொடுதிரை உள்ள இயந்திரமானால், மாதச் சந்தா கட்டாமல் அது முழுமையாக இயங்குமா என்று கேளுங்கள்.

படி 8: கடையில் ஏறி நடந்து பாருங்கள்

வழக்கமாகப் பயிற்சிக்கு அணியும் காலணியுடன் சென்று குறைந்தது 10 நிமிடம் நடந்து பாருங்கள். முதலில் வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டரில் வைத்து, காலை அழுத்தமாக ஊன்றி நடந்தால், ஒவ்வொரு காலடியிலும் பெல்ட் ஒரு கணம் தயங்குகிறதா என்பது தெரியும். தயங்கினால் மோட்டார் வலுவற்றது அல்லது பெல்ட் தளர்வாக உள்ளது. பிறகு நீங்கள் எழுதி வைத்த அதிகபட்ச வேகத்துக்குக் கொண்டுசென்று, முன்கம்பங்கள் ஆடுகின்றனவா, இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவிலும் பேச்சு கேட்கிறதா என்று கவனியுங்கள். அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியும், பாதுகாப்புச் சாவியை இழுத்தும் சோதிக்கத் தயங்க வேண்டாம்.

படி 9: உத்தரவாதத்தை வரிவரியாகப் படியுங்கள்

சட்டத்துக்கும் மோட்டாருக்கும் நீண்ட உத்தரவாதம் தந்துவிட்டு, அதிகம் பழுதாகும் மின்னணுப் பலகை, பெல்ட் ஆகியவற்றுக்கும் பழுதுபார்க்கும் கூலிக்கும் குறுகிய காலமே தருவது வழக்கம். ஆகவே இவற்றின் காலத்தைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். உதிரிபாகம் கிடைக்குமா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கோன் எண்ணெய் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை விட வேண்டும் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் வறண்ட பெல்ட் உராய்வைக் கூட்டி மோட்டாரையும் மின்னணுப் பலகையையும் கெடுக்கும். பராமரிப்பின்மையைக் காரணம் காட்டி உத்தரவாதம் மறுக்கப்படுவதும் உண்டு.

வீட்டில் பொருத்தியதும், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் எல்லா வேகங்களிலும் எல்லாச் சாய்வுகளிலும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால், அந்தப் பக்கத்தின் பின்திருகை ஆலன் சாவியால் (அறுகோண முனைத் திருகுச் சாவி) கால் சுற்று மட்டும் வலஞ்சுழியாகத் திருப்பி, ஆளில்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை திருப்பிய பின்பும் பெல்ட் நடுவுக்கு வரவில்லை என்றால், மேலும் திருகாமல் விற்பனையாளரை அழைத்துவிடுங்கள்.