பெய்லிஃப் வாசலில் நின்று "பொலிஸைக் கூப்பிட்டுவிட்டேன்" என்றால்

கவுன்சில் வரி பாக்கி, பார்க்கிங் டிக்கெட், கிரெடிட் கார்டு கடன், எதற்காக வந்தாலும் சரி, பெய்லிஃப் (கடனை வசூலிக்கவும், கட்டாவிட்டால் பொருட்களை எடுத்துச் செல்லவும் வருபவர்) "பொலிஸுக்குச் சொல்லியாச்சு, வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று சொன்னவுடனே நம்மவர்கள் பலர் பதறிக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஊரில் பொலிஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பயம் வரத்தான் செய்யும். திறக்காதீர்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரத்தைத்தான் சொல்கிறேன், ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு. இந்த மாதிரிக் கடன்கள் சிவில் விவகாரம். பெய்லிஃப் கூப்பிட்டார் என்பதற்காகப் பொலிஸ் உங்களைக் கைது செய்யாது, அவருக்குக் கதவைத் திறந்துவிடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. வந்தால் சண்டை சச்சரவு வராமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். சொல்லப்போனால் அவர்கள் வருவது உங்களுக்கும் நல்லது, பெய்லிஃப் மிரட்டினால் அங்கேயே முறையிடலாம்.

பெய்லிஃப் முதல் தடவை வரும்போது கதவை உடைக்கவோ, உங்களைத் தள்ளிக்கொண்டு நுழையவோ, நிலைப்படியில் காலை வைத்து மறிக்கவோ, ஜன்னல் வழியாக ஏறவோ கூடாது. ஆனால் பூட்டாத கதவைத் திறந்து வரலாம், அதனால் பின்கதவையும் பூட்டுங்கள். ஒருமுறை உள்ளே விட்டு, பொருட்களைப் பட்டியலிட்டுத் தவணையில் கட்டுவதாகச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால், பிறகு தவணை தவறும்போது பலவந்தமாக நுழையும் உரிமை அவருக்கு வந்துவிடும். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் கவனியுங்கள்: 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் அவர் வரக்கூடாது.

விதிவிலக்கு உண்டு. டிவி லைசென்ஸ் வழக்கு, வேகமாகக் கார் ஓட்டிய வழக்கு என்று நீதிமன்றம் போட்ட தண்டப்பணம் என்றால் கதவை உடைக்கும் அதிகாரமும் இருக்கிறது, கைது வாரண்டும் இருக்கக்கூடும். ஆகவே என்ன கடன் என்று முதலில் கேளுங்கள், மேல்மாடி ஜன்னலிலிருந்தோ கடிதத் துளை வழியாகவோ. அடையாள அட்டையையும் காட்டச் சொல்லி, பெயரை நீதி அமைச்சின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். உண்மையிலேயே பொலிஸ் வருகிறதா என்று சந்தேகமாக இருந்தால் அவசரமில்லாத விஷயங்களுக்கான பொலிஸ் எண் 101க்குப் போன் செய்து கேட்கலாம், பெய்லிஃப் உங்களை அடிக்க வருகிறார் என்றால் 999.

இன்னொன்று, கதவைத் திறக்காமல் இருப்பது குற்றமில்லை, ஆனால் அவர் காருக்குப் பூட்டுப் போடும்போது போய்க் கையைப் பிடித்து இழுத்தால் அது குற்றம், பெய்லிஃப்கள் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வாசலில் நிற்கும் காரைத்தான் முதலில் தூக்குவார்கள்.

வாடகை வீடுகளில் பாதிக் கூத்து முந்தி இருந்தவரின் கடனால் வருவது. யாருக்காகவும் நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டாம், வாடகை ஒப்பந்தத்தின் நகலை பெய்லிஃப் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடன் உங்களுடையதுதான் என்றால் ஒளிந்திருக்காமல் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்ற கடன் ஆலோசனை தரும் இடங்களில் பேசுங்கள். தகுதி இருந்தால் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற 60 நாள் அவகாசத்துக்கு அவர்கள் வழி காட்டுவார்கள், அதில் சேர்ந்த கடனுக்காக அந்த நாட்களில் பெய்லிஃப் வர முடியாது.