வெப்சைட் டிசைனில் அடுத்து வருவதைக் கணிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் வெப்சைட் டிசைன் படிக்கும் பிள்ளைகள் வருடக் கடைசியில் ‘அடுத்த ஆண்டு எது வரும்’ என்று ஆளுக்கொரு ஸ்லைட் செய்துகொண்டு வருவார்கள். இந்த முறையும் பார்த்தேன். நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். கலர் பொருந்தாதது, எழுத்துப்பிழை எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். காசுக்கு வேட்டு வைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காட்சிக்கு வைத்த படத்தை வரப்போகும் டிசைன் என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் டிசைனர்கள் தங்கள் மாதிரிப் படங்களைக் காட்சிக்கு வைக்கும் டிரிபிள் (Dribbble) தளத்தைத் திறந்தால் நியூமார்ஃபிசம் என்ற பாணிதான். பின்னணியும் பட்டனும் ஒரே வெளிர்சாம்பல். நிழல் மட்டும் பட்டனைக் கொஞ்சம் புடைத்துக் காட்டும். இனி எல்லாத் தளமும் இப்படித்தான் என்று எங்கள் பக்கத்துப் பையன்களும் முடிவு கட்டிவிட்டார்கள்.

கொவிட்டுக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் திரும்ப வரத் தொடங்கிய நேரம், எல்லவில் ஒரு கெஸ்ட்ஹவுஸ்காரர் தன் தளத்தை அந்தப் பாணியில் புதிதாகச் செய்வித்தார். லேப்டாப்பில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பயணி அதைப் பார்ப்பது ரயிலை விட்டு இறங்கி, பிளாட்ஃபார்ம் வெயிலில், கீறல் விழுந்த போன் திரையில். அறை பதிவு செய்யும் பட்டன் அந்த வெளிச்சத்தில் வெறும் சாம்பல் தாளாகத் தெரிந்தது. சிலர் போன் போட்டு ‘எங்கே அழுத்துவது?’ என்று கேட்டார்கள். மற்றவர்கள் பதிவு ஆப் ஒன்றுக்குப் போய் அதே அறையை எடுத்தார்கள். தன் சொந்தத் தளத்துக்கு வந்த ஆளுக்கே அந்த மனிதர் கமிஷன் கட்டினார். அப்புறம் தளத்தைத் திருத்த இன்னொரு தடவை செலவு. என்னிடம் வந்தபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, அந்தப் பட்டன் தெரிகிற மாதிரி செய்து தர ஏலுமா?”

இது முன்கூட்டியே தெரியாத விஷயம் இல்லை. 2018இல் வந்த வெப் அணுகல் நெறிமுறையின் 2.1 பதிப்பு, பட்டனை அடையாளம் காட்டும் ஓரத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 வேறுபாடு கேட்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1. நியூமார்ஃபிசத்தில் அந்த வேறுபாட்டைக் கூட்டினால் அதன் மென்மை போய்விடும், விட்டால் பட்டன் போய்விடும். இரண்டும் சேர்ந்து நிற்க வழியே இல்லை.

நிலைத்து நின்ற மாற்றங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கும். 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7, தோல், மரம் போலத் தெரியும் அலங்காரங்களைக் கழற்றிவிட்டுத் தட்டையான டிசைனுக்கு மாறியது. அதற்குள் ஈதன் மார்கோட் 2010இல் முன்வைத்த ரெஸ்பான்சிவ் டிசைன் பரவியிருந்தது. ஒரே பக்கம் பத்துவித அகலத்தில் விரிந்து சுருங்க வேண்டும் என்றால், படமாக வெட்டி ஒட்டிய பளபளப்பு சுமைதான். தட்டையான வடிவத்தை பிரவுசரே வரைந்துவிடும். டார்க் மோடும் அப்படித்தான். ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி அணைந்திருப்பதால் பேட்டரி மிச்சம். 2019இல் ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 இரண்டிலும் அது போனின் செட்டிங்கிற்குள்ளேயே வந்தது. பிறகு தளங்கள் பின்னால் வந்தன.

இந்த வருட ஸ்லைட்களில் பாதிக்கு மேல் கண்ணாடி. பின்னால் இருப்பதை மங்கலாகக் காட்டும் கண்ணாடிப் பாணியான லிக்விட் கிளாஸை ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்ததிலிருந்து இதே கதை. கண்ணாடிக்குப் பின்னால் தேயிலைமலைப் படம் ஓடும்போது மேலே இருக்கும் வெள்ளை எழுத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மலிவு ஆண்ட்ராய்டு போனில் அந்த மங்கல் விளைவு ஸ்க்ரோலை இழுக்கவும் செய்யும். எந்த நெருக்கடி இதைத் தள்ளுகிறது? அதைச் சொல்ல முடியாவிட்டால் ஸ்லைடில் போடாதீர்கள்.

கொழும்பு ஃபைபர் இணையத்தில் பார்த்துவிட்டு மலைக்கும் அதுதான் என்பது

திரை நிறைய வீடியோ ஓடும் முகப்புப் பக்கம் மஸ்கெலியாப் பள்ளத்தில் ஒரு கோடு சிக்னலில் எப்படித் திறக்கிறது என்று நின்று பாருங்கள். பக்கத்தின் முக்கிய உருப்படி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

தமிழில் போட்டுப் பார்க்காமல் கணிப்பது

ராட்சதத் தலைப்புதான் அடுத்த போக்கு என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு இருக்கட்டும். இங்கே ஒரு தளம் என்றால் மூன்று மொழி. ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்பதை 64 பிக்சலில் எழுதி 360 பிக்சல் அகலத் திரையில் வையுங்கள், வார்த்தை வெளியே ஓடும் அல்லது நடுவில் உடையும். வரி உயரத்தை 1க்குக் குறைத்தால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’ தலையில் போய் முட்டும். எல்லாமே கேப்பிடல் எழுத்து என்ற போக்குக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வேலையே இல்லை. போக்கை முதலில் தமிழ் வரியில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வாடிக்கையாளரிடம் வாயைத் திறங்கள்.

‘அது செத்துவிட்டது’ என்று எழுதுவது

பிரவுசரில் அனிமேஷனும் வீடியோவும் ஓட்டிய ஃபிளாஷுக்கு எதிராக ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் கடிதம் எழுதியது 2010 ஏப்ரலில், அதன் சொந்தக்காரரான அடோபி அதை நிறுத்தியது 2020 டிசம்பர் 31இல். இடையில் பத்து வருடத்துக்கு மேல்.

ஒரே கம்பனியின் விருப்பத்தை எதிர்காலம் என்பது

போனில் பக்கங்கள் வேகமாகத் திறக்க கூகுள் கொண்டுவந்த பக்க வடிவம் ஏஎம்பி (AMP). 2015இல் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். 2021இல் தேடலின் முதன்மைச் செய்திப் பகுதிக்கு அது கட்டாயமில்லை என்று கூகுளே விலக்கியது.

பிரவுசர் வெளியீட்டுக் குறிப்புகளைப் படிக்காமல் விடுவது

படிக்கச் சலிப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் டிசைனர்கள் வருடக்கணக்கில் கேட்ட கண்டெய்னர் குவெரி என்ற வசதி 2022 ஓகஸ்ட், செப்டெம்பரில் குரோமுக்கும் சஃபாரிக்கும் வந்தது, 2023 பெப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸுக்கும். திரை அகலத்தைப் பார்க்காமல், தான் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அகலத்துக்கு ஏற்ப ஒரு கார்டு மாறும் காலம் வருகிறது என்று அந்தக் குறிப்பைப் படித்தவர்களுக்கு அரை வருடம் முன்பே தெரிந்திருந்தது. டிரிபிளில் அதற்கு ஒரு படமும் இல்லை.