அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழவில்லையா?

ஸ்டார்ட் ஆகும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸின் பழுதுநீக்கும் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அப்புறம் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். பெரும்பாலும் இதுவே போதும்.

பாதுகாப்பு மென்பொருளின் கோளாறு என்றால் கதை வேறு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சேஃப் மோடில் (அவசியமானவை மட்டும் இயங்கும் நிலை) நுழைந்து அந்தக் கோப்பை நீக்கினால் சரி. ஆனால் பிட்லாக்கர் (வட்டிலுள்ள தகவலைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட கணினிகள் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. சில அலுவலகங்களில் சாவி இருந்த சர்வரே படுத்துவிட்டது! இன்றே சாவியைத் தாளில் அச்சிட்டு பீரோவில் பூட்டி வையுங்கள்.