கறி, மீன், முட்டை மட்டும்: ராமநாதபுரம் கரையில் இதைத் தொடர்வது எப்படி?

மண்டபம் ஊரில் குடியிருந்துகொண்டு கறி, மீன், முட்டை மட்டும் சாப்பிடுகிறேன் என்று சொன்னால், "கடல் பக்கத்துலயே இருக்கீங்க, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றுதான் கேட்கிறார்கள். கஷ்டம் இருக்கிறது. இங்கே மீனுக்குப் பஞ்சமில்லை, கொழுப்புக்குத்தான் பஞ்சம். விளைமீன், பாறை, காரல், கணவாய், நண்டு, இறால் எல்லாமே கொழுப்பு குறைந்தவை. சோற்றை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் தின்றால் வயிறு நிறையும், பசி அடங்காது. முதல் முறை நான் பதினோராம் நாளில் விட்டேன். தட்டு நிறைய மீன் வறுவலும் தோல் நீக்கிய கோழியும் தின்றுவிட்டு, இரவு பத்து மணிக்கு அடுப்படியில் நின்று பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தேன். அப்போது மன உறுதி இல்லை என்று நினைத்தேன். உண்மையில் குறைந்தது கொழுப்பு.

இரண்டாம் முறை அதைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: டாக்டரைப் பாருங்கள்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளில் இன்னொரு ஆபத்து உண்டு: சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். மருந்தை டாக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக மாற்றாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் இதில் இறங்கவே வேண்டாம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களுக்கு மத்தி, நெத்திலி, ஈரல் மூன்றும் ஆகாது. அவற்றை எடுத்துவிட்டால் இந்த உணவில் பாதி போய்விடும்.

பெரும்பாலான டாக்டர்கள் இந்த உணவைப் பரிந்துரைப்பதில்லை. நார்ச்சத்து அறவே இல்லை, சிலருக்கு ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு நன்றாக ஏறும், ஆண்டுக்கணக்கில் பலரை வைத்துச் செய்த கட்டுப்பாடான சோதனைகளும் கிடையாது. அதனால் முதலில் 30 நாள் என்று கெடு வையுங்கள். தொடங்கும் முன் கொழுப்பு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை), யூரிக் அமிலம், சர்க்கரை நான்கையும் ரத்தத்தில் பார்த்து எழுதி வையுங்கள். முடிந்ததும் மறுபடி பாருங்கள். எல்டிஎல் எகிறியிருந்தால், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தொடராதீர்கள்.

இரண்டாம் படி: கொழுப்பைச் சேர்த்து வையுங்கள்

1928-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஸ்டெஃபான்சன் என்ற ஆர்க்டிக் பயணியும் அவருடைய கூட்டாளி ஆண்டர்சனும் டாக்டர்கள் மேற்பார்வையில் இறைச்சி மட்டும் உண்ணும் சோதனைக்கு உட்பட்டார்கள். ஓராண்டு தாக்குப் பிடித்தார்கள். ஆனால் ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டபடி தொடக்கத்தில் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் தின்ற ஸ்டெஃபான்சனுக்குச் சில நாளிலேயே வயிற்றுப்போக்கும் சோர்வும் வந்துவிட்டன. கொழுப்பைச் சேர்த்ததும் தெளிந்தார். புரதத்தை மட்டுமே எரித்து நாளை ஓட்ட நம் கல்லீரலால் முடியாது. அவர்கள் இருவரும் அந்த ஆண்டு உண்ட கலோரியில் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ கொழுப்பிலிருந்து வந்தது.

நம் ஊரில் அதற்கு வழி என்ன? கறிக்கடையில் வெள்ளாட்டை விடச் செம்மறி கேளுங்கள். வெள்ளாட்டுக் கறிக்குள் கொழுப்பு குறைவு, இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் சிறுநீரகத்தைச் சுற்றித்தான். தொடைக்கறியை விட்டுவிட்டு நெஞ்செலும்புப் பக்கம் வாங்குங்கள். "பாய், கொழுப்பு எடுக்காம அப்படியே போடுங்க" என்று வெட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும், கேட்காமலே கழித்துப் போட்டுவிடுவார்கள். கோழிக்கடையிலும் அப்படித்தான், "தோலோட" என்று சொல்லாவிட்டால் உரித்த கோழிதான் பைக்குள் வரும்.

தனிக் கொழுப்பை வாங்கி வந்து உருக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அரைக் கிலோ கொழுப்பைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்குங்கள். அடி கனமான சட்டியில் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டு, தீயைச் சிறிதாக வையுங்கள். முதலில் தண்ணீர் வெள்ளையாகக் கொதிக்கும், வீச்சமும் வரும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் போனால் கொதிக்கும் சத்தம் அடங்கி, சலசலவென்று மெல்லிய பொரியல் சத்தம் கேட்கும். தண்ணீர் வற்றியதற்கு அதுதான் அடையாளம். துண்டுகள் சுருங்கிப் பொன்னிறமானதும் இறக்கி, துணியில் வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். ஆறினால் வெள்ளை மெழுகாக உறைந்துவிடும். மிஞ்சிய சக்கையில் உப்புத் தூவிச் சூடாகத் தின்றுவிடலாம், முறுக்கு நினைவு வரும்போது எனக்குத் துணை அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டுக் கொழுப்பில் சமைத்ததைச் சூட்டோடு சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கூடவே குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வாயே மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். இதைச் சகிக்க முடியாதவர்களுக்கு நெய் இருக்கிறது. பால் பொருளே வேண்டாம் என்கிறவர்கள்கூடப் பலர் நெய்யை மட்டும் விட்டுவைப்பார்கள்.

மூன்றாம் படி: மீனைத் தேர்ந்து வாங்குங்கள்

இந்த உணவுக்கு நம் கரையில் தங்கம் என்றால் மத்திதான். விலை குறைவு, கொழுப்பு அதிகம். நல்ல மத்தியாக இருந்தால் காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமலே போடலாம், அதன் வயிற்றிலிருந்தே எண்ணெய் இறங்கிச் சுற்றிலும் நுரைக்கும். அந்த எண்ணெயை வழித்து மீன் மேலேயே விட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது சூடை, அயிலை. விளைமீனும் பாறையும் சாப்பிடலாம், ஆனால் அன்றைக்குக் கொழுப்பு தனியாக வேண்டும்.

மத்தி, அயிலை, சூரை மூன்றும் பிடித்த உடனே ஐஸில் போகாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கும். எனக்கு ஒருமுறை வந்திருக்கிறது. மத்தியான வெயிலில், ஐஸ் இல்லாத கூடையிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய அயிலை அது. அன்றிலிருந்து காலை எட்டு மணிக்குள் வாங்குகிறேன், வீட்டுக்கு வந்ததும் கழுவி நேராகப் பிரீசருக்குள். கண் பிதுங்கித் தெளிவாக இருக்கிறதா, செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பா, விரலால் அமுக்கினால் குழி மேலே வருகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாக ஒரே அக்காவிடம் வாங்கினால் அவரே சொல்லிவிடுவார், "இன்னைக்கு வேண்டாம், நேத்து மீன்" என்று.

பெரிய சுறா, பெரிய சூரையில் பாதரசம் சேர்ந்திருக்கும், தினமும் தின்னாதீர்கள். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, யார் கொடுத்தாலும் தொடக்கூடாது.

நான்காம் படி: முதல் இரண்டு வாரம்

சோறு நின்றதும் இன்சுலின் குறையும், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும். மூன்றாம் நாள் தலைவலி, கால் பிடிப்பு, எழுந்தால் கண் இருட்டல் எல்லாம் வருவது இதனால்தான். நம் வெயிலில் வேர்வையிலும் உப்பு போகிறது. கால் தேக்கரண்டி உப்பைக் கலந்து எலும்புச் சூப்பை ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதையும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

வயிறு சிலருக்கு இளகும், சிலருக்கு இறுகும். இளகினால் உருக்கிய கொழுப்பை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாகியும் சரியாகாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

மசாலாவை முதல் நாளே விட வேண்டாம் என்பது என் கருத்து. உப்பு, மிளகு, கொஞ்சம் மஞ்சள் இருக்கட்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயைச் சட்டென்று விட யாருக்கு மனசு வரும்? ஒன்றிரண்டு கிள்ளிப் போட்டுத் தாளியுங்கள். இந்த உணவைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆனால் நாக்கு செத்துப்போய் மூன்றாம் நாளே விடுவதைவிட மிளகாயோடு முப்பது நாள் முடிப்பது மேல்.

ஐந்தாம் படி: ஒரு நாள் கணக்கு

என் எடை 70 கிலோ. காலையில் நான்கு முட்டை, நெய்யில். மத்தியானத்துக்கு 250 கிராம் மத்தியோ நெஞ்செலும்புக் கறியோ, இரவுக்கும் அதே அளவு. இதற்கு மேல் மூன்று மேசைக்கரண்டிக் கொழுப்பு நாள் முழுக்கச் சேர்கிறது. முட்டையில் 24 கிராம், மற்றதில் 100 கிராம் என்று புரதம் போதுமானபடி வந்துவிடுகிறது. முழு மீனாக வாங்கினால் தலை, குடல், செதில் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழியும், அதற்கும் சேர்த்து வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் 100 கிராம் ஈரல். அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ கூடிவிடும். சுவரொட்டி (மண்ணீரல்), மூளை, குடல் கிடைக்கிற நாளில் விடாதீர்கள்.

நான் தினமும் ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். மீன் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் பாவம், அதனால் அலுவலகத்துக்குக் கறியும் அவித்த முட்டையும் மட்டும். பிளாஸ்கில் சூடான சூப் ஊற்றிக்கொண்டால் ஆட்டுக் கொழுப்பு உறையும் தொல்லையும் இல்லை.

ஆறாம் படி: கிடைக்காத நாட்களுக்குத் தயாராகுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறியிருக்கும். அப்போது முட்டை, செம்மறி, தோலோடு கோழி என்று மாறிக்கொள்ளுங்கள். கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டுச் சமையுங்கள். அதே மாதங்களில்தான் நுங்கும் பதநீரும் வரும். இந்த உணவில் எனக்கு மிகக் கடினமான இடம் அதுதான், கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பைக்கூட ஒதுக்கிவிடுவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு கரையிலேயே நிற்கும். மழைக்கு முன்பே பிரீசரில் நான்கு நாள் மீன் இருக்கட்டும். திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்திக்குக் கறிக்கடை மூடியிருக்கும், முந்தின நாளே வாங்கிவிடுங்கள். புரட்டாசியில் பலர் அசைவம் விடுவதால் விலை இறங்கும், மற்ற வீடுகள் விரதம் இருக்கும் மாதத்தில் நம் பிரீசர் நிறையும்.

ஏழாம் படி: வீடும் விசேஷமும்

கீழக்கரைப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் சஹனில் மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்கார்வோம். எல்லோருக்கும் ஒரே தட்டு. சோறு வேண்டாம் என்று கறித்துண்டை மட்டும் பொறுக்கினால் மற்றவர் பங்கை எடுத்ததாகிவிடும். நான் வீட்டிலேயே நான்கு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போய், என் பக்கம் வந்த துண்டுகளோடு கை கழுவிவிடுகிறேன். ஏன் என்று கேட்டால், "டாக்டர் சொல்லியிருக்கார், சோறு கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்று ஒரே வரி. டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் இதில் பொய்யும் இல்லை. உணவுத் தத்துவத்தைப் பந்தியில் விளக்க ஆரம்பித்தால் அழைத்தவர் மனசு வருத்தப்படும்.

வீட்டில் எங்களுக்கு வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் அசைவம் ஏறாது. அம்மாவோடு அதற்காகச் சண்டை போட்டதில்லை. முட்டையும் அந்த அடுப்பில் கூடாது என்பதால், அன்றைக்குப் பகலில் சாப்பிடாமல் இருந்துவிட்டு, அம்மாவின் சமையல் முடிந்த பிறகு வெளியில் இருக்கும் மண் அடுப்பில் என் சட்டியை வைத்துக்கொள்கிறேன்.

மற்ற நாளில் எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. மீன் குழம்பு வைக்கும்போது, புளி கரைத்து ஊற்றும் முன் அம்மா ஒரு நிமிடம் நிறுத்துவார். உப்பும் மஞ்சளும் போட்டு வெந்த துண்டுகளில் நான்கைக் கரண்டியால் அள்ளி, என் தட்டில் வைத்து, உருக்கிய கொழுப்பை மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆறிடும், வா" என்பார். புளித்தண்ணீர் அதற்குப் பிறகுதான் சட்டிக்குள் இறங்கும்.