ஆடிக்காற்றும் மடக்கு சைக்கிளும்: வாங்குவதிலிருந்து ரயிலேற்றுவது வரை

ஆடி மாதம் பொள்ளாச்சிப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று, உடுமலைக்குப் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். அப்படி ஒரு நாள் முடியாமல் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். எக்ஸெல் மொபெட்டில் தேங்காய் மட்டை ஏற்றிப் போன ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, பஞ்சருங்களா?"

"இல்லீங்க, காத்துங்க."

"காத்து எறங்கீருச்சுங்களா?"

"இல்லீங்க, காத்து அடிக்குதுங்க!"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் மீதி தூரத்தை உருட்டினேன். மடக்கு சைக்கிள் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். காற்றோடு போவோம், போன ஊரில் மடித்து ரயிலில் ஏற்றுவோம், எதிர்காற்றை ரயில் பார்த்துக்கொள்ளட்டும். சரி, அதற்கு என்ன வாங்குவது, எப்படிக் கொண்டுபோவது என்பதைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் கடைசி வரை மனதில் வையுங்கள்: இது ஓட்டாத நேரத்துக்காக வாங்குகிற சைக்கிள். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் அதே காசுக்குச் சாதாரண சைக்கிள் இதைவிட நன்றாகவே ஓடும்.

முதல் படி: எதில் ஏற்றப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் கார் டிக்கியை அளந்து பாருங்கள், மாடிப்படி திருப்பத்தையும் பாருங்கள். 20 அங்குலச் சக்கரம் உள்ள வண்டி மடித்தால் ஏறக்குறைய 80 × 65 × 40 செ.மீ. வரும். லண்டனில் செய்கிற பிராம்ப்டன் 16 அங்குலச் சக்கரம், மூன்றாக மடிந்து 58.5 × 56.5 × 27 செ.மீ. ஆகிவிடும். ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு என்று பாசஞ்சர் ரயிலிலும் காரிலும்தான் போகப் போகிறீர்கள் என்றால் 20 அங்குலம் தாராளமாகப் போதும். வருடத்துக்கு இரண்டு தடவை விமானம் ஏறுகிற ஆள் என்றால் மட்டும் சின்னதாக மடிவதைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாம் படி: டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

இதைத்தான் நான் செய்யவில்லை. என் முதல் வண்டி பழையது, ஆன்லைனில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கியது. 16 அங்குலம் என்று போட்டிருந்தார்கள், நானும் நம்பினேன், அது பொய்யும் இல்லை. ஆனால் 16 அங்குலத்தில் இரண்டு சாதி உண்டு. டயரின் பக்கத்தில் 47-305 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். நம்மூர்க் குழந்தைகள் சைக்கிள் 305. பிராம்ப்டனும் அதைப் பார்த்துச் செய்த வண்டிகளும் 349. ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. காங்கேயம் பக்கம் டயர் கிழிந்து, ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் குழந்தை சைக்கிள் டயரையே எடுத்து நீட்டினார்கள், நான் ரிம்மைக் காட்டினேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். வண்டி ஒன்றரை மாதம் திண்ணையில் கிடந்தது.

20 அங்குலத்திலும் இதே கதைதான், 406 ஒன்று, 451 ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு 406 வாங்குங்கள். பையன்கள் ஓட்டுகிற பிஎம்எக்ஸ் மாதிரி சைக்கிளின் அளவு அது. தாராபுரம், பெருந்துறை, கோபி என்று எந்த ஊர் சைக்கிள் கடையிலும் டியூப் கிடைக்கும்.

வால்வையும் பார்த்துவிடுங்கள். பைக்கில் இருக்கிற அதே தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்றுப் பிடிக்கலாம். ஆனால் பங்கில் பிடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சின்ன டியூப், கண்ணிமைக்கிற நேரத்தில் நிறைந்துவிடும். பங்குக்காரத் தம்பி போனைப் பார்த்துக்கொண்டு பிடித்தால் டப்பென்று போய்விடும்.

மூன்றாம் படி: கியர்

சின்னக் கணக்கு. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கர அங்குலத்தால் பெருக்குங்கள். முன்னால் 52, பின்னால் பெரியது 28, சக்கரம் 20 என்றால் 37 வரும். இந்த எண் குறையக் குறைய மேட்டில் லேசாக ஏறும். ஈரோடு, கரூர்ப் பக்கச் சமவெளிக்கு 37 தாராளம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவேன் என்பவர்களுக்கு 30-க்குக் கீழே வேண்டும். கியரே இல்லாத வண்டி உள்ளூருக்குச் சரி, எதிர்காற்றில் அழ வைக்கும்.

நான்காம் படி: கடையில் ஓட்டிப் பார்க்கும் முன் தூக்கிப் பாருங்கள்

எல்லோரும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். கோவையில் டெக்கத்லானோ நகரத்து சைக்கிள் கடையோ, எங்கே போனாலும் முதலில் அவர்களை மடித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நீங்களே மடியுங்கள், மடித்ததை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஐம்பது அடி நடங்கள். 12 கிலோ என்பது காகிதத்தில் சின்ன எண். அதே எடை அரிசி என்றால் தோளில் போட்டுக்கொள்ளலாம், இதைப் போட முடியாது. கையிலேயே தொங்கும், பெடல் முழங்காலை இடிக்கும், ரயில் நிலையப் படிக்கட்டில் ஆறாவது படிக்குமேல் வாழ்க்கையைப் பற்றி யோசனை வரும். மடித்த பிறகு சக்கரத்திலேயே உருட்டிப் போக முடிகிற வண்டி கிடைத்தால் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுங்கள் என்பேன்.

அப்புறம் மடக்கு. வண்டியை விரித்துப் பூட்டி, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நடு மடக்கில் 'டிக் டிக்' என்று கேட்டாலோ கைக்கு ஆட்டம் தெரிந்தாலோ வேண்டாம். ஹேண்டில் தண்டின் மடக்கையும் இதே மாதிரி ஆட்டுங்கள், ஓடும்போது அது திறந்தால் பல் போய்விடும். லீவரை ஒரே விரலால் மூட முடிந்தால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளங்கை வைத்து அழுத்தித்தான் மூட வேண்டும். அது தானாகத் திறக்காமல் இருக்க இரண்டாவதாக ஒரு கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டி என்றால் மடக்கை ஒட்டிய வெல்டிங்கில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சீட் தண்டில் 'இதற்கு மேல் உயர்த்தாதே' என்று ஒரு கோடு இருக்கும். உங்கள் கால் நீளத்துக்கு அந்தக் கோடு வெளியே தெரிந்தால் அந்த வண்டி உங்களுக்கானது இல்லை. எத்தனை கிலோ ஆளைத் தாங்கும் என்பதையும் கேளுங்கள், பல வண்டிகளில் 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நம்மூர் விருந்துச் சாப்பாட்டுக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஐந்தாம் படி: வீட்டு வாசலில் இருபது தடவை

பாதியில் மடிகிற சாதாரண 20 அங்குல வண்டிக்கு வரிசை இதுதான். செயினைப் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கியர் உள்ளே ஒடுங்கும், அடிபடாது. பெடல்களை மடக்குங்கள். நடு மடக்கைத் திறந்து இரண்டு சக்கரத்தையும் ஒன்று சேருங்கள். ஹேண்டில் தண்டைச் சாயுங்கள். சீட்டைக் கடைசியில் இறக்குங்கள், பல வண்டிகளில் அந்தத் தண்டுதான் மடித்த வண்டிக்கு ஊன்றுகால். ஹேண்டில் உள்ளே மடிகிற வண்டியாக இருந்தால் அதை முதலில் சாய்க்க வேண்டும், வாங்கிய இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீட் உயரத்துக்கு வீட்டம்மாவிடம் நெயில் பாலிஷ் வாங்கி ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கி அளக்க வேண்டாம்.

நான் இந்தப் பயிற்சி செய்யாமல் நேராக ஈரோடு ஜங்ஷனுக்குப் போனேன். ரயில் வந்து நிற்கிறது, என் சீட் தண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அந்த ரயில் போய்விட்டது.

ரயிலிலும் பஸ்ஸிலும்

ரயில்வே விதியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டி படுக்கைக்கு 100 × 60 × 25 செ.மீ. அளவு. இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் ஸ்லீப்பரில் 40 கிலோவும் இலவசம், ஆனால் சைக்கிள், ஸ்கூட்டருக்கு அந்த இலவசம் கிடையாது என்றும் விதியில் இருக்கிறது. அதனால் முழுக்க மூடிய பையில் போட்டு, வழியை மறைக்காமல் ஓரமாக நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். டிடிஇ கேட்டால் திறந்து காட்டுங்கள், லக்கேஜ் டிக்கெட் போடச் சொன்னால் வாதாடாமல் போட்டுவிடுங்கள். காலை எட்டு முதல் பத்து வரை கோவை, திருப்பூர் போகிற எந்த வண்டியிலும் ஏற்ற வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும்போது உங்கள் சைக்கிளுக்கு யாரும் நகர மாட்டார்கள், நகரவும் கூடாது.

பைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீர்கள். பள்ளிப் பை தைக்கிற கடையில் வண்டியையே கொண்டுபோய் அளவு கொடுத்துத் தார்ப்பாய்த் துணியில் தைத்துக்கொண்டேன். உள்ளே பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே மடித்து வைத்தால் உரசாது, சிராய்ப்பும் விழாது. ஆற்றங்கரையில் விரித்து உட்காரவும் ஆகும்.

பஸ் என்றால் பின்னால் டிக்கி உள்ள வெளியூர் பஸ்ஸாகப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏறும் முன்பே "அண்ணா, ஒரு லக்கேஜுங்க" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் பயணம்

ஆடியில் என்றால் கோவையிலிருந்து ரயிலில் பொள்ளாச்சி போய், அங்கிருந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே உடுமலை வரை ஏறக்குறைய 30 கி.மீ. மிதித்து, திரும்ப ரயில். மெனக்கெட வேண்டியதில்லை, காற்று பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது ஈரோட்டிலிருந்து கொடுமுடி. காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் கிளம்பி, சுமார் 90 கி.மீ. வளைந்து வளைந்து கொடுமுடிப் பக்கம் போய் முடிகிறது. பாம்பு போன தடத்திலேயே வெட்டினார் காலிங்கராயர் என்று ஊரில் கதை சொல்வார்கள், 13-ஆம் நூற்றாண்டு வேலை. தண்ணீர் போகிற திசையிலேயே போனால் ஆடிக்காற்றும் முதுகில்தான் இருக்கும். கரை முழுக்க ஓட்ட முடியாது, சேறு வரும் இடத்தில் ரோட்டுக்கு ஏறிவிடுங்கள். சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் ஆளைத் தூக்கி எறியும், வேகத்தடையில்கூட எழுந்து நின்று ஏறுங்கள். கொடுமுடியில் காவிரியைப் பார்த்துவிட்டு மடித்து ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு.

விமானம் ஏறினால்

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருக்கிறது, நம்மில் பலருக்கு அங்கே ஒரம்பரையும் (உறவுக்காரர்கள்) இருக்கிறது. பல விமான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. வரை சாதாரணப் பெட்டியாக எடுத்துக்கொள்ளும். பிராம்ப்டன் 142, உள்ளே போய்விடும். 20 அங்குலம் 185, அதற்கு முன்கூட்டியே விளையாட்டுச் சாமான் என்று பதிய வேண்டியிருக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், ஸ்பானர்களைக் கைப்பையில் வைக்காதீர்கள். மின்சார மடக்கு சைக்கிளை மறந்துவிடுங்கள், 160 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் விட மாட்டார்கள்.

சிங்கப்பூர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டியில் மடித்த வண்டி 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருந்தால் எந்த நேரமும் ஏற்றலாம், 20 அங்குலமே அடங்கும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க் வழியாகச் சாங்கி வரை கடலோரமாக மிதித்து, அங்கே படகில் உபின் தீவுக்குப் போகலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், நம்மூர் ஷேர் ஆட்டோ கணக்குத்தான். ஜப்பான் என்றால் மடித்தால் மட்டும் போதாது, ஒரு நுனிகூட வெளியே தெரியாமல் பையில் மூடியிருக்க வேண்டும், மூன்று அளவும் கூட்டி 250 செ.மீ., எடை 30 கிலோ வரை. நம் தார்ப்பாய்ப் பை அங்கேயும் செல்லும்.

சிங்கப்பூரிலேயே வாங்கினால் 9 சதவீத ஜிஎஸ்டியைச் சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், இங்கே இறங்கியதும் சுங்கத்தில் கேட்பார்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள். 349 சக்கர வண்டியாக இருந்தால் டியூப் மூன்றும் டயர் ஒன்றும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், அதில் ஒரு டியூப் எனக்கு.